சாவென்று சொல்லாத வீடு

அத்தியாயம் 17

மோந்தால்வோ வீட்டு மருமகள் தன்னைப் பெற்ற தகப்பனின் உடலைப் போட்டிக்காரர்களிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். பெரெய்ரா ஊரே ஐந்து மாதமாக இந்த ஒரு விஷயத்தைப் போட்டு மென்றுகொண்டிருந்தது.

மெல்லாமல் என்ன செய்யும்? ஊரில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் பெட்டி, கார், உடலோடு இரவு கண்விழிக்கக் கூடம், பூ, பூசை என்று எல்லாவற்றையும் கவனித்து அடக்கம் செய்கிற குடும்பம் அது. மலைமேல் காப்பி பறிக்கிறவன்கூட மாதாமாதம் சந்தா கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவது மோந்தால்வோ இல்லத்தை நம்பித்தான். அந்த இல்லத்தின் சம்பந்தியையே போட்டி இல்லமான ஆற்றங்கரைக்காரர்களின் கார் வந்து ஏற்றிக்கொண்டு போனால், ஊர் வாய் சும்மா இருக்குமா?

ஏன் இப்படிச் செய்தாய் என்று மாமியார் கேட்டதற்கு மார்லேனி, "உங்க பிள்ளையையே கேளுங்க" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளை எவெலியோவைக் கேட்டார்கள். அவள் தன்னைக் கூப்பிடவே இல்லை என்று அவன் கையை விரித்துவிட்டான். அன்றைக்கே துணிமணியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போன மார்லேனி இன்னும் படியேறவில்லை.

இது நடந்து முடிந்த கதை. இன்று வியாழக்கிழமை. எவெலியோவின் தங்கை யமீலே, லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அலுவலகத்து மாடிக்கு ஏறினாள். ஏறும்போதே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. மாடிக் கூடத்தில் நாலு நாற்காலி போட்டிருந்தார்கள். ஓட்டு இருந்தது மூன்று பேருக்குத்தான்.

அம்மா தோன்யா ஃபாபியோலா, அப்பா போனதிலிருந்து இல்லத்தின் தலைவி. அண்ணன் எவெலியோ நிர்வாகி. அம்மாவின் தம்பி ஒக்தாவியோ மாமா பழைய பங்குதாரர். யமீலேயின் பங்கு அம்மாவின் பெயரில் இருந்தது. கல்யாணம் ஆகட்டும், மாற்றித் தருகிறேன் என்று அப்பா சொல்லியிருந்தார். அவளும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அவர்களும் மாற்றவில்லை.

அவள் கேட்கப்போனது பெரிய சொத்து ஒன்றுமில்லை. இல்லத்தின் இணையதளத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு பட்டன். 'வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா? இப்போதே கூப்பிடுங்கள்.' பக்கத்தில் தொலைபேசி எண். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா என்று கேட்கிறவர்களுக்கு அந்த வீட்டைத் தெரியாது. மோந்தால்வோ வீட்டில் யாரும் சாவதில்லை. 'பயணம் போவார்கள்.' சாவு என்ற சொல்லை வாசலுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அப்பா தோன் அன்செல்மோ போட்ட சட்டம். தொழிலே அதுவாக இருக்கும்போது வீட்டுக்குள்ளாவது அது வரக்கூடாது என்று அவர் நினைத்தார். சாப்பாட்டு மேசையில் சூப்புக் கோழியைக்கூட பயணம் போன கோழி என்று சொல்லித்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். கடைசியில் அவரும் பயணம்தான் போனார்.

அப்பாவின் அந்தச் சட்டத்தை எவெலியோ அப்படியே தூக்கி இணையதளத்தில் வைத்தான். பிப்ரவரியில் பொகோட்டாவிலிருந்து ஒரு நிறுவனத்தை வரவழைத்துக் கட்டிய தளம். மேலே மெனுவில் ஐந்து சொற்கள். எங்கள் மரபு, என் குடும்பம், வாழ்வின் மலர்கள், நித்திய வெளிச்சம், உடனிருப்போம். படிக்க அழகாகத்தான் இருந்தது. வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு நிற்கிறவன் இதில் எதை அமுக்குவான் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அதோடு விட்டானா? அப்பா காலத்திலிருந்து எல்லா கார்களிலும் எழுதியிருந்த பழைய எண்ணையும் முடக்கிவிட்டான். அதைக் கூப்பிட்டால், எங்கள் புதிய இணையதளத்துக்கு வாருங்கள் என்று ஒரு பெண் குரல் தேனாகப் பேசிவிட்டு வைத்துவிடும். அந்த எண்தான் அம்மா குடியிருக்கிற மாடி வீட்டுக்கும். ஐந்து மாதமாக போன் மணி அடிப்பதில்லை. இப்போதெல்லாம் ஊரில் பயணம் குறைந்துவிட்டது, கடவுள் கருணை என்று அம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

யமீலே புரொஜெக்டரை மாட்டினாள். மாமா பாலாடைக்கட்டி ரொட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எவெலியோ கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அரை மணியில் முடித்துவிடு, எனக்கு வேலை இருக்கிறது என்றான். அவனுக்கு எப்போதுமே வேலை இருந்தது.

அவள் செய்ததை முதலில் சொன்னாள். சந்தா கட்டுகிற குடும்பங்களிலிருந்து ஒன்பது பேரை நூலகத்து அறைக்கு ஒவ்வொருவராக வரவழைத்தாள். எல்லாரும் கடந்த ஒரு வருஷத்தில் வீட்டில் ஒருவரை இழந்தவர்கள். கையில் போனைக் கொடுத்து ஒரே ஒரு வேலை சொன்னாள். உங்கள் வீட்டில் ஒருவர் இப்போதுதான் இறந்திருக்கிறார், இந்தத் தளத்தைப் பார்த்து எங்களைக் கூப்பிடுங்கள். உதவி செய்யவில்லை, வாயைத் திறக்கவில்லை. விரல் போகிற இடத்தையும் அவர்கள் பேசுவதையும் மட்டும் பதிவு செய்தாள். முகம் வராது, பெயர் வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

"ஒன்பது பேர்ல ஏழு பேரால கண்டுபிடிக்க முடியல. ரெண்டு பேரு கண்டுபிடிச்சாங்க. அதுல ஒருத்தரு தப்பா அமுக்கித் தற்செயலாப் போய் விழுந்தவரு" என்றாள்.

பிறகு வீடியோக்களைப் போட்டாள். முதலில் ஒரு லாரி ஓட்டுநர். என் குடும்பம் என்றிருந்ததை அமுக்கினார். சாவு குடும்பத்தில்தானே, அவர் நினைத்ததில் என்ன தப்பு? உள்ளே போனால் கடவுச்சொல் கேட்டது. கொடுத்ததும், உங்கள் தவணைக்கு நன்றி என்று பூங்கொத்துப் படம் வந்தது. ஓட்டுநர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அம்மா இருக்கிற அறையில் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னார். மாமாவுக்குப் புரையேறியது.

அடுத்து ஒரு டீச்சர். நித்திய வெளிச்சத்தில் நுழைந்து தெரியாமல் ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவிட்டாள். யாருக்காக ஏற்றுகிறீர்கள், அவருக்குப் பிடித்த பாட்டு எது என்று தளம் கேட்டது. அதை அணைக்கிற வழி தெரியாமல், மன்னிச்சுக்கோங்க மன்னிச்சுக்கோங்க என்று டீச்சர் போனிடம் கெஞ்சினாள். இன்னொரு வயசான அம்மாள் எங்கள் மரபுக்குள் போய், தோன் அன்செல்மோவின் வாழ்க்கை வரலாற்றை முழுசாக வாசித்தாள். நல்ல மனுஷன் போலிருக்கு, போன் நம்பர்தான் குடுக்கல என்றாள்.

திரையில் கணவனின் படம் வந்ததும் தோன்யா ஃபாபியோலா கைக்குட்டையை எடுத்தாள். அந்த அம்மாள் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று யமீலேக்குத் தெரியவில்லை.

எவெலியோ தன் போனை எடுத்தான். தளத்தைத் திறந்தான். உடனிருப்போம், அதற்குள் தருணங்கள், அதற்குள் இந்த வேளையில். எண் வந்து நின்றது. போனை எல்லாருக்கும் திருப்பிக் காட்டினான்.

"மூணே அமுக்கு. குழந்தை கண்டுபிடிக்கும். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்."

"வீட்டைக் கட்டினவனைக் கேட்டா வாசல் எங்கேன்னு சொல்லத்தான் செய்வான்" என்றாள் யமீலே. "உன்னை வச்சா சோதிக்க முடியும்?"

"முப்பதாயிரம் குடும்பம் சந்தா கட்டுது. நீ எங்கேயோ போயி ஒன்பது பேரைப் பிடிச்சாந்து படம் காட்டுறே. அதுலயும் பாதி கிழடு கட்டை."

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்பாங்க" என்று மாமா ரொட்டியோடு சேர்த்து மென்றார். "இவ ஒன்பது சோறு எடுத்துப் பாத்திருக்காளே எவெலியோ."

எவெலியோ அவரைப் பார்த்த பார்வையில் மாமா தட்டைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார். பிறகு அவன் அம்மா பக்கம் திரும்பினான். குரல் தானாகக் குழைந்தது. துக்கத்தில் வருகிறவர்களிடம் அந்தச் சொல்லை மூஞ்சியில் அடிக்கிற மாதிரி சொல்லாதே என்று அப்பா சொன்னதைத்தான் செய்திருக்கிறோம், இவள் அதை மாற்றச் சொல்கிறாள், அப்பாவின் பெயரைத் தாங்கி நிற்கிற வீட்டின் நெற்றியில் சாவு என்று எழுதச் சொல்கிறாள் என்றான். அம்மாவின் கைக்குட்டை மறுபடியும் கண்ணுக்குப் போனது.

யமீலேக்குக் காது மடல் சுட்டது. அப்பாவை இழுத்தால் அம்மா விழுவாள் என்று அவனுக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்து அவன் ஜெயித்த ஒவ்வொரு சண்டையையும் இப்படித்தான் ஜெயித்தான். அப்பா நேரில் நின்று ஆறுதல் சொன்னவர், அது வேறு, இங்கே ஆள் நம்மைத் தேடியே கண்டுபிடிக்க முடியவில்லை, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டுவிட்டு எதற்கு இந்த நாசூக்கு என்று அவள் கேட்டாள். நிதானமாகத்தான் கேட்க நினைத்தாள். குரல் கூரையில் போய் முட்டியது.

"பாத்தீங்களா, இதான் இவ" என்றான் எவெலியோ.

அப்போதுதான் மாமா, எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிறோம் என்று தெரியாமலே, ஒரு கேள்வி கேட்டார். ஒன்பது பேர் என்று சொன்னாய், எட்டு வீடியோதான் ஓடியது, மீதி ஒன்று எங்கே?

யமீலே இதை எதிர்பார்க்கவில்லை. ஒன்பதாவதைக் காட்ட முடியாது, குரலைக் கேட்டால் யாரென்று தெரிந்துவிடும் என்றாள்.

எவெலியோ நாற்காலியில் நிமிர்ந்தான். "அப்படிப் போடு. அந்த ஆளு சுலபமாக் கண்டுபிடிச்சிருக்கும். அதான் முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறா. அம்மா, மறைச்சு வச்சுக்கிட்டு அறிக்கை குடுக்கிறவளை எப்படி நம்புறது?"

"கண்டுபிடிக்கல. அதை மட்டும் என்னால சொல்ல முடியும்."

"போட்டுக் காட்டு. இல்லேன்னா இந்தச் சோதனை, சாதனை எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டு, பழையபடி பூக்கடைக் கணக்கைப் பாரு. இன்னிக்கே ஓட்டு எடுத்துடலாம்."

அம்மாவும் தலையாட்டினாள். காட்டினால் என்னடி, நம் வீட்டுக்குள்தானே என்றாள்.

யமீலே பத்து நிமிஷ அவகாசம் கேட்டுவிட்டு பால்கனிக்கு வந்தாள். கீழே கார்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் பட்டனும் போகும், பேரும் போகும். வாக்கை மீறினால், ஏற்கெனவே ஊர் வாயில் விழுந்த ஒருத்தியை மறுபடியும் எடுத்துப் போட்ட மாதிரி ஆகும். அவள் மார்லேனியைக் கூப்பிட்டாள்.

ஆமாம், ஒன்பதாவது ஆள் மார்லேனிதான். யமீலே அவளைத் தேடிப் போகவில்லை. ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு அவளே நூலகத்துக்கு வந்து நின்றாள். நானும் சந்தாக் குடும்பம்தானே, என் அப்பாவும்தானே போனார் என்றாள். அன்றைக்கு அந்த அறையில் அவள் பேசியதைக் கேட்ட பிறகு யமீலே மூன்று நாள் அண்ணனின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஆனால் யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்லமாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

நடந்ததைச் சொன்னாள். மார்லேனி ஒன்றைத்தான் கேட்டாள்.

"அவரே கேட்டாரா, போட்டுக் காட்டச் சொல்லி?"

"அவன்தான் அண்ணி. யாருன்னு தெரியாம கேக்கிறான்."

"அப்போ போடு. என் பேரைச் சொல்லியே போடு. ஐஞ்சு மாசமா வாயை மூடிக்கிட்டு இருந்து எனக்கு என்ன கிடைச்சுது? மாமியார் தேவாலயத்துல என்னைப் பாத்தா இடம் மாறி உக்கார்றாங்க. ஒண்ணு மட்டும் செய். நடுவுல நிறுத்தச் சொல்லுவாரு. நிறுத்தாதே."

யமீலே உள்ளே வந்து உட்காரவில்லை. நின்றபடியே வீடியோவைத் திறந்தாள். இது மார்லேனி அண்ணி, அவங்களைக் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன் என்றாள். எவெலியோவின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அமுக்கிவிட்டாள்.

திரையில் தளத்தின் முதல் பக்கம். அதன்மேல் ஒரு விரல். மார்லேனியின் குரல் கூடத்தை நிறைத்தது.

"இதுல தேடணுமா? சரி. அன்னிக்குத் தேடின மாதிரியே தேடுறேன். அபீயாவுல, எங்க அப்பா வீட்டுல, ஞாயித்துக்கிழமை மத்தியானம். அப்பா சூப்பைக் குடிச்சிட்டு அப்படியே சாஞ்சுட்டாரு. டாக்டர் வந்து பாத்து எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. முதல்ல இவரைக் கூப்பிட்டேன். போன் அணைஞ்சிருந்துது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அணைஞ்ச போனுக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டா மட்டும் ஒலிச்சிடுமா?"

விரல் என் குடும்பத்தை அமுக்கியது. கடவுச்சொல் கேட்டது. விரல் பின்வாங்கியது.

"யமீலே, நீ விமானத்துல இருந்தே. பழைய நம்பர்ல ஒரு பொண்ணு, இணையதளத்துக்கு வாங்கன்னா. மாமியார் வீட்டு நம்பரும் அதேதான். சரி, வந்தேன். இங்கே வெளிச்சம் இருக்கு, மலர் இருக்கு. என் மாமனார் படம் இருக்கு. என் அப்பா மேல ஈ மொய்க்குது, நான் விசிறிக்கிட்டே இதை அமுக்கிட்டு இருக்கேன்."

"நிறுத்து" என்றான் எவெலியோ.

யமீலே நிறுத்தவில்லை. அவன் எழுந்து லேப்டாப்பை நோக்கிக் கையை நீட்டினான். மாமா, தன் வாழ்நாளில் முதல் தடவையாக, தட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உடனிருப்போம்னு ஒண்ணு இருக்கு. இது நம்மகிட்ட வேலை பாக்கிறவங்களைப் பத்தி இருக்கும்னு நினைச்சுட்டேன்" என்றது குரல். விரல் அதைத் தாண்டிக் கீழே போயிற்று. "அம்மா பக்கத்துல உக்காந்து அழுவுறாங்க. உன் புருஷன் வீட்டு ஆளுங்க எங்கேடின்னு கேக்கறாங்க. ஊரே வாசல்ல நிக்குது. ஆத்தங்கரைக்காரங்க தளத்தைத் திறந்தேன். முதல் வரியிலேயே, சாவா, கூப்பிடுங்கன்னு இருந்துது. கூப்பிட்டேன். ஒரு மனுஷன் எடுத்து, எங்கேம்மா இருக்கீங்கன்னு கேட்டான்."

அதற்குமேல் அழுகை மட்டும் இருந்தது. யமீலே அதையும் ஓடவிட்டாள். பிறகு திரை இருண்டது.

எவெலியோ முந்திக்கொண்டான். பொய், அவள் கூப்பிடவே இல்லை, இதெல்லாம் நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து ஆடுகிற நாடகம் என்றான். தன் போன் அன்றைக்கு முழுக்க உயிரோடுதான் இருந்தது என்று சத்தியம் செய்தான். பக்கத்து ஊரான அர்மேனியாவில் பெட்டி செய்கிற பட்டறைக்குப் போயிருந்தானாம். குரல் வரவர உயர்ந்தது.

தோன்யா ஃபாபியோலா கைக்குட்டையை மடித்து மேசைமேல் வைத்தாள்.

"உன் போன் அணைஞ்சுதான் இருந்துது. நானும் கூப்பிட்டேன்."

கூடத்தில் கார் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவியான்னு கேக்கக் கூப்பிட்டேன். ரெண்டு தடவை. நீ சொன்னப்போ பொய்னு எனக்குத் தெரியும். பிள்ளை மானம் போகுமேன்னு வாயை மூடிக்கிட்டேன். அந்தப் பொண்ணு தலையில பழி விழுந்தாலும் பரவாயில்லைன்னு இருந்துட்டேன்."

யமீலே அம்மாவையே பார்த்தாள். அண்ணன்மேல் இருந்த கோபத்தைவிடப் பெரிய கோபம் ஒன்று கிளம்பியது. ஐந்து மாதம். தேவாலயத்தில் இடம் மாறி உட்கார்ந்தாளே, தெரிந்துகொண்டுதானே உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்துதா? தெரிஞ்சும் அவங்களை ஊர் பேச விட்டீங்களா?"

"விட்டேன்."

"எப்படிம்மா மனசு வந்துது?"

அம்மா மாமா பக்கம் திரும்பி, அந்தப் பட்டனுக்கு என் ஓட்டு உண்டு, உன் ஓட்டு உண்டா என்று கேட்டாள். மாமா கையைத் தூக்கினார். பொகோட்டாக்காரர்களுக்கு இப்போதே போன் போடு, சாயங்காலத்துக்குள் மாற்றச் சொல், பழைய எண்ணும் மாடியில் மணியடிக்க வேண்டும் என்றாள்.

"என்னன்னு எழுதச் சொல்ல?" என்று மாமா தயங்கிக் கேட்டார். அந்த வீட்டுச் சட்டத்துக்கு அவரும்தானே பழகியவர்.

"செத்துட்டாங்களான்னு எழுதச் சொல்லு. செத்தா செத்ததுதான். என் சம்பந்தி செத்தாரு, ஈ மொய்க்கக் கிடந்தாரு. நான் இங்கே போன் அடிக்கலைன்னு கடவுளுக்கு நன்றி சொல்லிட்டு இருந்தேன்."

யமீலே கேட்டது கிடைத்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷம் துளிகூட வரவில்லை. லேப்டாப்பை மூடும்போது மூடி பட்டென்று அடித்துக்கொண்டது.

அம்மா மகனிடம் திரும்பினாள். "அர்மேனியாப் பட்டறை ஞாயித்துக்கிழமை திறக்காது. உங்க அப்பா காலத்துலயே திறந்ததில்லை. எங்கேடா போயிருந்தே?"

எவெலியோ அம்மாவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். தங்கையைப் பார்க்கவில்லை. மார்லேனியைப் போய்ப் பார்க்கிறேன், அவளிடமே பேசிக்கொள்கிறேன், உங்களிடம் எனக்கு என்ன பேச்சு என்று சொல்லிவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தான். படியில் அவன் இறங்கிய வேகத்தில் கைப்பிடி அதிர்ந்தது.

யமீலே பால்கனிக்குப் போனாள். அம்மா பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. அந்த முகத்தை இப்போது பார்த்தால் காலத்துக்கும் திரும்ப எடுக்க முடியாத எதையாவது சொல்லிவிடுவாள் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. மார்லேனி.

"போட்டியா?"

"போட்டேன் அண்ணி. கடைசிவரைக்கும். பட்டன் வந்துடும். அம்மா ஒத்துக்கிட்டாங்க. உங்க மேல தப்பில்லைன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்." பல்லைக் கடித்துக்கொண்டுதான் அதைச் சொன்னாள்.

மாமியாரைப் பற்றி மார்லேனி ஒன்றும் கேட்கவில்லை. "அவரு என்ன சொன்னாரு?"

"உங்களைப் பாக்க வர்றேன்னு கிளம்பிட்டான்."

மறுமுனையில் நாற்காலி நகர்கிற சத்தம். மார்லேனியின் குரலில் கோபம் இன்னும் இருந்தது. ஆனால் அதற்கடியில் வேறு ஏதோ அவசரமும் இருந்தது. வரட்டும், வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும், நான் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது என்றாள். அக்கா வெளியே போயிருக்கிறாள், அதுவும் நல்லதுதான் என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, வாழைக்காயும் மரவள்ளியும் போட்ட சூப்பு அடுப்பில் இருக்கிறது, சாப்பிடாமல் வந்தால் அவருக்கு வயிறு எரியும் என்றாள்.

கீழே எவெலியோவின் கார் வாசலைத் தாண்டித் தெருமுனைக்குப் போயிற்று. மார்லேனியின் அக்கா வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். அங்கே போக வேறு வழியே கிடையாது.

கார் முனையில் நின்றது. உள்ளே அவன் போனைக் காதில் வைத்து யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். தலையை ஆட்டி ஆட்டிப் பேசினான், கோபித்துக்கொண்ட பெண்ணுக்குச் சமாதானம் சொல்கிறவன் மாதிரி. மார்லேனியோ யமீலேயின் போனில் இருந்தாள். பிறகு வலது பக்க விளக்கு மினுங்கியது. கார் வலது பக்கம் திரும்பி, மேட்டில் ஏறி, மறைந்தது.

"யமீலே? இருக்கியா? எவ்வளவு நேரத்துல வருவாரு?"

யமீலே அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு இந்த வீட்டில் எல்லாரும் ஒளித்தது போதும் என்று தோன்றியது.

"அடுப்பை அணைச்சிடுங்க அண்ணி" என்றாள். "அவன் உங்க பக்கம் வரல."